நெகிழ்வும் பிணைப்பும்: எதிர்பாரா மாற்றங்களும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வாழ்வும்



வாழ்வில் எதிர்பாராது வரும் மாற்றங்களை எவ்வாறு எதிர்கொள்வது என்பது இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இப்பொருள் பற்றி அறிவுரை கூறுவோர் மிகப் பலர். நாணலைப் போல் வளைந்துகொடு என்பர். எதையும் நல்லதாகவே நோக்கு என்பர். அறிவுரை தவறன்று. ஆயினும் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்து நிற்கும் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தால், அது எவ்வளவு போதாது என்பது விளங்கும். எவ்வாறு வளைவது, வளைந்தபின் எவ்வாறு நிமிர்வது என்பதை அந்த அறிவுரை சொல்வதில்லை.

ஆகவே நாம் அறிவுரையிலிருந்து தொடங்க வேண்டா. நம் கால்கள் ஊன்றியுள்ள இந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம். கோலாலம்பூரும் கிள்ளானும் இவற்றுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கும் கடந்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓயாது மாறிவந்த நிலப்பகுதி. இங்கு வாழ்ந்த தமிழர்கள் தாம் கேளாத மாற்றங்கள் பலவற்றைக் கண்டவர்கள். அவர்கள் வாழ்வு நமக்குச் சொல்லித் தருவது என்ன என்பதே இப்பொழிவின் வினா.

சொல்லும் பொருளும்

முதலில் ஒரு சொல்லை நோக்குவோம். மாற்றத்திற்கேற்ப இணங்கிச் செல்லும் பண்பை இன்று 'நெகிழ்வு' என்கிறோம். பழந்தமிழில் இச்சொல் தளர்தலையும் கழலுதலையும் குறித்தது. தலைவனைப் பிரிந்த தலைவியின் கைவளை நெகிழ்ந்தது என்று அகப்பாடல்கள் கூறும். அங்கே நெகிழ்வு என்பது இழப்பின் அடையாளம். உள்ளம் அன்பால் உருகுவதையும் நெகிழ்வு என்கிறோம். ஒரே சொல்லில் கழன்று போதலும் உள்ளது, கனிதலும் உள்ளது. நெகிழ்வு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. நெகிழ்ந்தபின் என்ன ஆகிறோம் என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது.

இதற்கு நம் முன்னோர் கைகளில் நாள்தோறும் புழங்கிய ஒரு பொருளே சான்று. மெழுகை வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். ரப்பரை இழுத்தால் நீளும். விட்டால் தன் வடிவுக்கு மீளும். பால்மரத்துப் பாலை உறைய வைத்துப் பெறும் பச்சை ரப்பருக்கு இந்த ஆற்றல் முழுமையாக இல்லை. குளிரில் அது விறைக்கும். வெயிலில் இளகி ஒட்டும். 1839இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்குவதைக் கண்டார். காரணம் பின்னர் தெளிவாயிற்று. ரப்பர் என்பது நீண்ட இழைகளின் தொகுதி. கந்தகம் அந்த இழைகளை இடையிடையே ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைப்பு இல்லாத இழைகள் இழுக்கும்போது ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிச் செல்லும். பிணைக்கப்பட்ட இழைகள் இழுபட்டாலும் திரும்பி வரும்.

மனிதர்க்கும் இது பொருந்தும் என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து. மாற்றத்தைத் தாங்கி மீளும் ஆற்றல் தனிமனிதரின் மனத்திடத்தில் மட்டும் இல்லை. மனிதரை மனிதரோடு இணைக்கும் பிணைப்பிலேதான் அது பெரிதும் உள்ளது. இதனை மூன்று இடங்களில் வைத்துக் காண்போம்: தோட்டம், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் துறைமுகம்.

தோட்டத்தில் நேர்ந்தது

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்தது. உழைத்துக்கொண்டிருந்தோர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் சயாம் பர்மா இரயில்பாதைப் பணியில் பெருந்தொகையாக மாண்டனர். இவ்விரண்டும் நாம் ஓரளவு அறிந்தவை. மூன்றாவதாக வந்த மாற்றம் பீரங்கி ஒலி இல்லாமல், பத்திரங்களின் வழியே வந்தது. அதுவே தோட்டத் துண்டாடல்.

1950களில் ஐரோப்பிய உடைமையாளர்கள் பலர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். நூறு குடும்பங்கள் வேலை செய்த இடத்தில் பல சிறு உடைமையாளர்கள் வந்தனர். அவர்களுக்குக் கங்காணியும் தேவையில்லை, லயமும் தேவையில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. வீடு, பிள்ளைகளின் பள்ளி, மருந்தகம், கோயில் அனைத்தும் அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தவை. இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசீஸ் 1960களின் தொடக்கத்தில் அளித்த ஆய்வு, அது எவ்வளவு பரவலாக நடந்தது என்பதை நாட்டுக்குக் காட்டியது.

அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். நோக்கம் எளியது. தோட்டம் விற்பனைக்கு வருமாயின் அதில் உழைப்போரே சேர்ந்து அதை வாங்குவது. தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பங்குத்தொகை திரட்டினர். நாட்கூலி பெற்றவர்கள் தவணை முறையில் பணம் கட்டினார்கள். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி தனியே எவ்வளவு நன்னம்பிக்கை கொண்டிருந்தாலும் ஒரு தோட்டத்தை வாங்கியிருக்க இயலாது. பல்லாயிரம் பேர் சேர்ந்தபோது அது இயன்றது. அவர்களுடைய நம்பிக்கை எல்லாம் நன்றாகவே நடக்கும் என்ற எண்ணமாக இருக்கவில்லை. தவணைச் சீட்டாக இருந்தது. எல்லாத் தோட்டங்களையும் சங்கம் காத்துவிடவும் இல்லை. பலர் வேரோடு பெயர்க்கப்பட்டனர். எனினும் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று கருதப்பட்ட நிலையில், செய்யக்கூடியது ஒன்று உண்டு என்று அச்சங்கம் காட்டியது.

1969இல் அடுத்த மாற்றம் வந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் பலர் தம் உழைப்பை எல்லாம் இந்நாட்டிற்கே தந்தவர்கள். அவர்களில் பலர் வேலையிழந்து, தாம் அறியாத 'தாயகத்திற்கு'க் கப்பலேறினர். உரிய காலத்தில் விண்ணப்பம் எழுதித் தர ஒருவர் அருகில் இருந்திருந்தால் சிலர் வாழ்வு வேறாகியிருக்கும். எழுத்தறிவும் ஒரு பிணைப்பே என்பதை ஆசிரியர்கள் இதிலிருந்து உணரலாம்.

தோட்டம் நகரமான கதை

கிள்ளான் பள்ளத்தாக்கின் இன்றைய நகரங்கள் பல, நேற்றைய தோட்டங்கள். பெட்டாலிங் ஜெயா 1950களில் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டத்தில் பிறந்தது.

புத்ராஜெயாவின் வரலாறு நாம் தனியே நினைக்கத்தக்கது. முதல் உலகப்போரில் பணியாற்றிய ஆங்கிலேயர்கள் 1921இல் அமைத்த தோட்டம் பேராங் பெசார். மலாயில் 'பெரும் போர்' என்பது அதன் பொருள். அங்கு உருவாக்கப்பட்ட ரப்பர் நாற்று வகைகள் 'பிபி' என்ற எழுத்துகளோடு பல நாடுகளில் நடப்பட்டன. உலகிற்கு நல்ல நாற்றுத் தந்த அந்நிலத்தில் 1990களின் நடுவில் அரசு நிருவாகத் தலைநகர் எழத் தொடங்கியது. பேராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர்கள் மாடிப்படி ஏறி வாழக் கற்றனர். அதே வேளையில் தங்களுக்கு உறுதி கூறப்பட்ட தரைவீடுகளுக்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதினர், கூட்டம் கூடினர், விடாது கேட்டனர்.

இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் புதிய வாழ்வுக்கு இணங்கினார்கள். உரிமையைக் கேட்பதையும் நிறுத்தவில்லை. இணங்குதல் என்பது வாய்மூடியிருத்தல் அன்று.

தோட்டங்கள் மறைந்தபோது தமிழ்ப்பள்ளிகளும் ஆட்டங்கண்டன. 1957இல் 888 எனக் குறிக்கப்படும் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேல் உள்ளன. சில மூடப்பட்டன; சில இணைக்கப்பட்டன. வேறு சில, பள்ளி வாரியத்தாரும் பெற்றோரும் ஆசிரியரும் அலைந்து திரிந்து பாடுபட்டதால், மக்கள் பெயர்ந்த இடத்திற்கே பெயர்ந்தன. பண்டார் உத்தாமாவில் இன்றும் எபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுற்றிலும் தோட்டம் இல்லை. பெயர் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், பள்ளியை விட்டுக்கொடுக்கவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்து பிரித்ததே அவர்தம் நெகிழ்வு.

பிரிக்பீல்ட்ஸ்: செங்கல்லில் இருந்து சென்ட்ரல் வரை

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே ஒரு பேரிடரின் பின்விளைவு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளையும் மரவீடுகளையும் அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற முடிவு பிறந்தது. களிமண் கிடைத்த இவ்விடத்தில் சூளைகள் எழுந்தன. 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றங்கரையோடு இணைக்கும் இரயில்பாதை திறக்கப்பட்டது. பின்னர் சூளைகள் போய் இரயில் பெட்டிகள் வந்தன. இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிபர்களும், தமிழகத்திலிருந்து தண்டவாளத் தொழிலாளரும் குடியேறினர். 1904இல் விவேகானந்தர் ஆசிரமம் அமைந்தது. ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் எழுந்தது.

நூறாண்டு கடந்தது. இரயில் பெட்டிகள் நின்ற பரந்த வெளியில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் திறக்கப்பட்டது. நூறு குவார்ட்டர்ஸ் என்று அழைக்கப்பட்ட பழைய குடியிருப்பு இன்று இல்லை. பிரிக்பீல்ட்ஸ் சாலை துன் சம்பந்தன் சாலையாயிற்று. 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' வளைவுகள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் திறந்து வைக்கப்பட்டன. மல்லிகைச் சரம் தொடுப்போரும் பலகாரம் பொரிப்போரும் அந்த மாற்றத்திற்குள்ளேயே தமக்கோர் இடம் கண்டுகொண்டனர். இடங்காணாமல் விலகிச் சென்றோரும் உண்டு.

இந்தப் பிரிக்பீல்ட்ஸில் நம் கண்ணில் அடிக்கடி படுகிற, நாம் குறைவாகவே கற்றுக்கொள்ளும் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கு அமைந்துள்ளது. பார்வையற்றோர் பலர் இங்கேயே கற்று, இங்கேயே தொழில் செய்து வாழ்கின்றனர். பார்வையற்ற ஒருவர் தெருவை நினைவால் அறிகிறார்: எத்தனை அடிக்குப்பின் படி, எவ்விடத்தில் கடையின் மணம், எங்கு வண்டியின் இரைச்சல் என்று. அந்தத் தெருவைத் தோண்டி, திசை மாற்றி, புதிய கட்டடம் எழுப்பினால் அவர் கற்ற தெரு ஒரே நாளில் மறைந்துவிடுகிறது. மீண்டும் எவ்வாறு கற்கிறார்? புதிய வழியில் ஒருவர் அவரோடு கூட நடந்து காட்டுகிறார். பிறகு கைத்தடியால் தாமே தட்டிப் பார்த்து நடக்கிறார். தரையில் பதித்த புடைப்புக் கற்கள் துணை செய்கின்றன. உடன் நடப்பவர் ஒருவர், தரையில் ஓர் அடையாளம், தன் சொந்த முயற்சி ஆகிய மூன்றும் சேரும்போது புதிய தெருவும் வசப்படுகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் வீட்டுக்குள் அடைபட நேரும்.

கிள்ளான்: தோள் சுமையும் கொள்கலனும்

1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் தமிழர் தோள்கள் மூட்டை சுமந்தன. 1972இல் அத்துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆயிற்று. அடுத்த ஆண்டே கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. பலர் பல நாள் இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் இறக்கியது. வலிய தோள் என்பது ஒருகாலத்தில் ஒருவரின் முதலீடு. திடீரென அதற்கு விலை குறைந்தது. பிள்ளைகள் கனவுந்து ஓட்டவும் கணக்கு எழுதவும் இயந்திரம் பழுதுபார்க்கவும் கற்ற குடும்பங்கள் மீண்டன. கற்க வழியில்லாத குடும்பங்கள் பின்தங்கின. மாற்றம் எல்லாரையும் ஒரேபோல் தொடுவதில்லை என்பதை இங்கு மறக்கலாகாது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. 2021 டிசம்பர் 18ஆம் நாள் இப்பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஒதுங்கினர். பொதுமக்கள் தாமே படகுகளோடு இறங்கினர். வழிபாட்டு இல்லங்கள் பலவற்றில் இனம் பாராது உணவு சமைத்தனர். அன்று கூரைமேல் நின்றவருக்கு நன்னம்பிக்கை என்பது தூரத்தில் தெரிந்த ஒரு படகு.

நன்னோக்கு என்பது யாது?

இதுவரை கண்டவற்றால் இரண்டு தவறான எண்ணங்களை நாம் விலக்கலாம். ஒன்று, மாற்றத்தைத் தாங்காதவர் மனவலிமை இல்லாதவர் என்னும் எண்ணம். வேலையிழந்து நிலைகுலைந்த ஒரு தந்தையைப் பார்த்து, 'உமக்கு நன்னோக்கு இல்லை' என்று சொல்வது அறமன்று. அவருக்கு இல்லாமற்போனது பெரும்பாலும் பிணைப்பு. மற்றொன்று, எல்லா மாற்றத்திற்கும் தலைவணங்குவதே நெகிழ்வு என்னும் எண்ணம். மாற்றத்தைக் கொண்டுவருவோர்க்கும் கடமை உண்டு. அவர்கள் கடமையை மறைக்கும் திரையாக நெகிழ்வு என்ற சொல் பயன்படலாகாது.

வள்ளுவர் அமைத்த வரிசை இங்கு நமக்குத் துணை நிற்கிறது. 'இடுக்கண் அழியாமை' என்னும் 63ஆம் அதிகாரம் பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியின் இறுதியில் நிற்கிறது. துன்பத்தில் கலங்காமையை எளிய குடிக்கு மட்டுமான ஆறுதலாக அவர் வைக்கவில்லை. ஆள்வோர்க்குரிய தகுதிகளுள் ஒன்றாக வைத்தார். அதற்கு முன் நிற்கும் மூன்று அதிகாரங்கள் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை. உள்ளத்தின் எழுச்சி, சோம்பல் இன்மை, விடாமுயற்சி ஆகியவற்றைச் சொன்ன பின்னரே கலங்காமையைப் பேசுகிறார். வெறுங்கையோடு கலங்காதிருக்கச் சொல்லவில்லை. வேலை செய்யும் கையோடு கலங்காதிருக்கச் சொல்கிறார். நன்னோக்கு என்று நாம் கூறுவதும் இதுவே. நாளை நல்லதாகவே இருக்கும் என்ற கணிப்பு அன்று அது. நாளைக்குச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு, அதில் நம்மோடு நிற்பாரும் உண்டு என்ற தெளிவு.

வகுப்பறைக்கு வருவோம்

ஆசிரியப் பெருமக்களே, 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நம் வகுப்பறைகள் ஒரே நாளில் வெறுமையாயின. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை வேலைமுடிந்து வரும்வரை கிடைக்காது. இணையவழிப் பாடம் பலருக்கு எட்டவில்லை. அப்போது பாடத்தாள்களை அச்சிட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்த ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்கள் பாடமுறையை மாற்றினார்கள். பிள்ளையைத் தேடிச் செல்லும் கடமையை மாற்றவில்லை. 1988 முதல் நடந்துவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. மறு ஆண்டில் பிடி3 தேர்வும் நீங்கியது. தேர்வை மையமாக வைத்தே கற்பித்துப் பழகியோர்க்கு அது ஓர் அதிர்ச்சி. கற்பித்தலையே மையமாக வைத்திருந்தோர்க்கு அது ஒரு வாய்ப்பு.

மாணவச் செல்வங்களே, நீங்கள் விரும்பிய துறை கிடைக்காமற் போகலாம். குடும்பம் ஊர்மாற நேரலாம். இன்று கற்கும் தொழில் நாளை இல்லாமற் போகலாம். அப்போது மூன்றைச் செய்யுங்கள்.

முதலாவது, இழந்தது இது என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லுங்கள். இழப்பை இல்லை என்று மறைப்பவருக்கு அதிலிருந்து மீள வழி தெரியாது. இரண்டாவது, விடத்தக்கது எது, விடத்தகாதது எது என்று தாளில் எழுதிப் பாருங்கள். பெயர்ந்த பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தனியே சுமவாதீர்கள். ஆசிரியரிடம், பெற்றோரிடம், நண்பரிடம் சொல்லுங்கள். உதவி கேட்பது தளர்ச்சியின் அடையாளம் அன்று. தவணைச் சீட்டுக் கட்டிய நம் பாட்டன் பாட்டியரும் ஒருவரோடொருவர் சேர்ந்தே நின்றார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் உங்கள் வகுப்பில், எந்த மாணவருக்குப் பேச யாரும் இல்லை என்று பாருங்கள். புதிதாக ஊர்மாறி வந்தவராக இருக்கலாம். தந்தை வேலையிழந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அந்த ஒருவரோடு சிறிது தூரம் கூட நடந்து காட்டுங்கள். வழி தெரிந்தபின் அவர் தாமே நடப்பார்.